கட்டுக்குக் காசா, காலுக்குக் காசா?

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் யாராவது மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தால், முதலில் வருகிற பேச்சு "புத்தூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பதுதான். நகரியைத் தாண்டினால் ஆந்திராவின் புத்தூர். அங்கே பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி வைத்து எலும்புக்குக் கட்டுப் போடுவார்கள். அந்தக் கட்டில் எலும்பு ஒழுங்காகச் சேருமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. என்னை யோசிக்க வைத்தது அதிலுள்ள காசுக் கணக்குதான். கட்டுப் போட்டால் காசு. சில நாள் கழித்து அவிழ்த்து மறுகட்டுப் போட்டால் மறுபடி காசு.

அந்த வைத்தியரிடம், "எத்தனை கட்டுப் போட்டாலும் சரி, ஒரு காலுக்கு மொத்தமாக இவ்வளவுதான்" என்று பேசி முடித்தால் என்ன ஆகும்? நாலு கட்டு இரண்டாகிவிடும். சரி, வீட்டுக்கு இவ்வளவு என்று வருஷச் சந்தா வசூலித்து, யாரும் விழுந்தாலும் விழாவிட்டாலும் அவரிடமே கொடுத்துவிட்டால்? புளியமரம் ஏறும் பிள்ளைகளை அவரே வந்து அதட்டி இறக்குவார். அதே ஆள், நிஜமாகவே ஒடிந்த காலைப் பார்த்து, "சுளுக்குதான், ஒத்தடம் கொடு போதும்" என்றும் சொல்லலாம். ஆள் அவரேதான், கைப்பக்குவமும் அதேதான். காசு வரும் வழி மாறியதும் வைத்தியம் மாறிவிட்டது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த மூன்று வழிகளை வெவ்வேறு அளவில் கலந்து செய்தவை.

செய்த வேலைக்குக் காசு என்றால் வேலை பெருகும். கர்ப்பப்பை அகற்றும் அறுவையைப் பாருங்கள். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் அந்த அறுவை செய்துகொண்டவர்கள் நாட்டளவில் 3.2 சதவீதம், ஆந்திராவில் 8.9. முழுப் பழியையும் காப்பீட்டின் மேல் போட முடியாது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை கொடுத்தால் ஒன்றும் வராது, அறுவை செய்தால் பணம் வரும் என்ற இடத்தில் தராசு எந்தப் பக்கம் சாயும்? குடும்பத்துக்கு வருஷம் ரூ.30,000 வரை மருத்துவச் செலவைத் தந்த மத்திய அரசின் பழைய ஸ்மார்ட் கார்டு காப்பீட்டுத் திட்டத்தில், 2012-ல் சத்தீஸ்கரில் இது பெரிய விவகாரமாகவே வெடித்தது.

அதற்கு மாற்றுதான் பேக்கேஜ், அதாவது காலுக்குக் காசு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் நோய்களை வகைவகையாகப் பிரித்து வைத்தார்கள். 1983-ல் அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அந்த வகைப்படி ஒரே தொகை கொடுக்கத் தொடங்கியது. அதுவரை படுக்கையில் கிடந்த நாளெல்லாம் மருத்துவமனைக்கு வரவு. அதன் பிறகு செலவு. சீக்கிரம் அனுப்பினார்கள். ஆராய்ந்து பார்த்ததில் சாவு கூடவில்லை; ஆனால் உடம்பு நிலைப்படும் முன்பே வீட்டுக்குப் போனவர்கள் 15 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருந்தார்கள்.

நம் ஊர் அட்டைகளும் இந்த ஜாதிதான். நகரியில் இருக்கும் என் சித்திக்கு நெஞ்சுவலி வந்தபோது கூடவே இருந்தேன். 2007-ல் தொடங்கிய, ஆந்திர அரசின் மருத்துவக் காப்பீடான ஆரோக்கியஸ்ரீயின் கார்டு. ஆரோக்கிய மித்ரா என்று மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண், ஆஞ்சியோகிராம் படத்தைக் கணினியில் ஏற்றிவிட்டு, "அப்ரூவல் வரட்டும்" என்றார். எங்கோ ஒரு டாக்டர் அதைப் பார்த்து, ஸ்டென்ட் தேவைதானா என்று சொல்ல வேண்டும். எரிச்சலாக இருந்தது. ஆனால் தேவையில்லாத கத்தியையும் தடுப்பது அதே வாசல்தான் என்பது பிறகுதான் உறைத்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை, குழாய் நுழைத்த மணிக்கட்டில் நீலம் மறைவதற்குள், படுக்கையைக் காலி செய்யச் சொன்னார்கள். சித்திக்கு அது சரியான நேரமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்தது டாக்டரா, பேக்கேஜா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சந்தா முறை நம்மிடம் அதிகம் இல்லை. அமெரிக்காவில் அதை ஊக்குவித்த 1973 சட்டத்துக்குப் பின் அது வேகமாகப் பரவியது. சியாட்டிலில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சந்தாக்காரர்கள் மருத்துவமனையில் சேர்வது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. பொதுவாக உடல்நலத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஏற்கெனவே நோயாளியாக இருந்த ஏழைகளுக்கு மட்டும் இடித்தது. கேட்டு வாங்கத் தெரியாதவருக்குக் கிடைக்காமல் போவது இந்த முறையின் கோளாறு.

அப்புறம், நோயாளியும் ஒரு பங்கு போட வேண்டும் என்ற யோசனை. காப்பீட்டு நிறுவனங்களுக்கு இதில் தனிப் பிரியம்; கைக்காசு போனால் வீண் செலவு குறையும் என்பார்கள். 1974 முதல் 1982 வரை, ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்தது. 2,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், சிலருக்கு 25, 50, 95 சதவீதம் கைக்காசு என்று வைத்துப் பார்த்தார்கள். கைக்காசு போட்டவர்கள் வைத்தியத்தைக் குறைத்துக்கொண்டது உண்மை. ஆனால் வீணானதைக் குறைத்த அதே அளவுக்கு அவசியமானதையும் குறைத்தார்கள். சராசரி ஆளுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கோ, இலவசம் கிடைத்த இடத்தில்தான் பிரஷர் நன்றாகக் கட்டுப்பட்டது.

இதைப் படித்தபோது சித்திதான் ஞாபகத்துக்கு வந்தார். பிரஷர் இருப்பது அவருக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால் வரிசையில் நின்றால் விசைத்தறியில் அரைநாள் கூலி போகும். மருந்துக்கடையில் பத்து மாத்திரை வாங்கி, தலை சுற்றும் நாளில் மட்டும் போட்டுக்கொள்வார். ஸ்டென்டுக்கு ஒரு பைசா வாங்காத அட்டை, அந்த அரைநாளைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

எல்லையின் இந்தப் பக்கம், பொதட்டூர்பேட்டையில் என் அம்மா. அவருக்கும் பிரஷர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பையோடு ஒரு பெண் வீட்டுக்கே வந்து, பிரஷர் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். தறி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

இப்போதெல்லாம் சித்தி போன் செய்தால் பேரப்பிள்ளைகளை விசாரித்து முடித்ததும் கேட்பது: "அக்கா, உங்க பைக்காரம்மா இந்த மாசம் வந்துட்டாங்களா?"