நர்ஸ் பிளான்ட்: தாய்ச்செடியா, செவிலிச்செடியா?

அறிவியல் கதை ஒன்றின் தமிழாக்கம் படித்துக்கொண்டிருந்தேன். வறண்ட கோளில் ஒரு கற்பனை முட்செடி. பொட்டல் மண்ணை வளமாக்கி, தன் நிழலில் பழமரக் கன்றுகளை வளர்த்துவிடுகிறது. மூலத்தில் அது 'நர்ஸ் பிளான்ட்', தமிழில் 'தாய்ச்செடி'. முட்செடி எப்போது பழமரத்தைப் பெற்றது என்று புரியாமல் இரண்டு பக்கம் பின்னால் புரட்டினேன். இந்தத் தவறு கண்ணில் படுவது முதல் தடவையும் அல்ல.

நர்ஸ் என்பதன் லத்தீன் வேருக்குப் பாலூட்டி வளர்ப்பது என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மருத்துவமனை அப்புறம் ஒட்டிக்கொண்டது. சூழலியலில், வேறு இனத்தின் நாற்றைக் காக்கும் செடிக்கு இந்தப் பெயர். வட அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் சகுவாரோ கள்ளியின் கன்றுகள் பெரும்பாலும் மெஸ்கீட் போன்ற முள்மரங்களின் அடியில்தான் பிழைக்கின்றன. நிழல் வெயிலையும் உறைபனியையும் தணிக்கிறது. மெஸ்கீட் பயறு வகைக் குடும்பம். அதன் வேர்முடிச்சுப் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. முள் மேய்ச்சலைத் தடுக்கிறது.

சரி, இது எப்படித் தாயாகும்? தாய்ச்செடி என்பது ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். பதியனும் ஒட்டும் எந்தச் செடியின் கிளையிலிருந்து வருகின்றனவோ அதுதான் தாய்ச்செடி. அங்கே தாயும் கன்றும் ஒரே இனம். இங்கே வேற்றினம் என்பதுதான் விஷயமே. இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழைய சொற்கள் இருக்கின்றன: பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். சங்கப் பாடல்களில், காதலனோடு உடன்போக்கில் போன பெண்ணைத் தேடிப் பாலைநிலத்தில் கால் தேய நடப்பவளும் செவிலிதான். பாலைவனச் செடிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்?

'செவிலியர் தாவரம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வெள்ளைச் சீருடைதான் பாக்கி. இன்னொருவர் 'நாற்றங்கால் செடி' என்றார். நர்சரியோடு குழப்பிக்கொண்டார் போலிருக்கிறது. அகராதியில் முதலில் கிடைத்த சொல்லோடு திருப்தியடைந்தால் இப்படித்தான் ஆகும். செடி என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

செவிலிச்செடி என்று எழுதுங்கள். மரமாக இருந்தால் செவிலிமரம்.