வால்நட்சத்திரம் வந்துதான் சண்டை வந்ததா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எண்பதைத் தாண்டிய அப்பத்தாக்களிடம் வால்நட்சத்திரம் என்று பேச்செடுத்தால் நேராக 1965-க்குப் போய்விடுவார்கள். "விடியக்காலம் கெழக்க நீட்டு வாலோட நின்னுச்சு, அதுக்கப்புறந்தான் பாகிஸ்தான் சண்டை" என்பார்கள்.

அவர்கள் பார்த்தது நிஜம்தான். இக்கேயா-செக்கி என்ற வால்மீன் அது. ஆனால் தேதி இடிக்கிறது. இந்தியப் படை லாகூர் பக்கம் நுழைந்தது செப்டம்பர் 6. இரண்டு ஜப்பானியர்கள் தனித்தனியே அந்த வால்மீனை முதலில் கண்டது செப்டம்பர் 18. சண்டை நின்றது 23. ஊரே எழுந்து பார்க்கிற அளவுக்கு அது வால் விட்டதோ அக்டோபர் கடைசியில்! சண்டை முடிந்தபிறகு வந்த அறிகுறி. சரி, அதை விட்டாலும் சாஸ்திரி 1966 ஜனவரியில் இறந்தாரே என்பார்கள். எந்த ஆண்டை எடுத்தாலும் அடுத்த சில மாதத்தில் ஏதாவது ஒரு சாவு, ஒரு பஞ்சம் கிடைக்காமல் போகுமா?

இந்த நம்பிக்கை நம் மண்ணிலும் பழசு. பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை இங்கிருந்து பக்கம்தானே, அந்த நாட்டைப் பற்றித்தான் கபிலர் புறநானூற்றில் பாடுகிறார்: சனி புகைந்தாலும், தூமம் தோன்றினாலும், வெள்ளி தெற்கே போனாலும் அங்கே மழை பொய்க்காது. தூமம் என்றால் வால்மீன், தூமகேது என்பதும் அதுதான். வானத்தில் கெட்ட குறி வந்தாலும் ஆள்பவன் நல்லவனாக இருந்தால் போதும் என்கிற அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அதே தூமகேது பிள்ளையாரின் பெயர்களிலும் ஒன்று, அதை மட்டும் யாரும் சகுனமாக எடுப்பதில்லை.

உண்மையில் அங்கே இருப்பது சில கிலோமீட்டர் அகலமுள்ள, பனிக்கட்டியும் தூசியும் கலந்த ஒரு கட்டி. சூரியக் குடும்பம் உருவானபோது, சுமார் 460 கோடி ஆண்டுக்கு முன்னால், மிஞ்சிப்போன சரக்கு. சூரியனை நெருங்கும்போது பனி உருகித் தண்ணீராவதில்லை. பெட்டகத்தில் பட்டுச்சேலைக்கு நடுவே போட்ட பாச்சை உருண்டை கரைகிற மாதிரி நேரே ஆவியாகிறது, போகும்போது தூசியையும் கிளப்பிக்கொண்டு போகிறது. அந்தத் தூசியைச் சூரிய ஒளியின் அழுத்தமே தள்ளுவதால் வளைந்த, மஞ்சள் கலந்த வெள்ளை வால் உண்டாகிறது. மின்னேற்றம் பெற்ற வாயுவை நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வரும் சூரியக்காற்று இழுத்துக்கொண்டு போவதால் நேரான நீல வால் ஒன்றும் உண்டு. இதனால்தான் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்கிறது, வால்மீன் சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்போது வால் முன்னால் போகும், தலை பின்னால் போகும்.

இக்கேயா-செக்கி சூரியப் பரப்பிலிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் கி.மீ. தூரத்தில் உரசிக்கொண்டு போனது, நமக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த நெருக்கத்தில் துண்டுதுண்டாக உடைந்தும் போனது.

சகுனம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. 1910 மே மாதம் ஹாலி என்ற வால்மீனின் வால் பூமியைத் தொடும் என்று கணக்கிட்டார்கள், அதில் சயனோஜன் என்ற நச்சு வாயு இருப்பதும் தெரிந்திருந்தது. வெளிநாட்டில் மாத்திரைகூட விற்றார்கள். ஒன்றும் ஆகவில்லை, அந்த வால் அவ்வளவு மெல்லியது.

ஹாலி மறுபடி சூரியனை நெருங்குவது 2061 ஜூலையில். அதற்கு முன்னால் வேறு ஏதாவது பிரகாசமாக வந்தால் பொழுது சாய்ந்ததும் மேற்கே மரம் மறைக்காத கண்மாய்க் கரையாகப் பார்த்துப் போய் நில்லுங்கள். விடியலில் வருவதானால் கிழக்கே.