ஏ5-க்கு என்ன வயசு?

மஞ்சப்பையிலிருந்து அந்த அம்மா எடுத்து வைத்தது பையனின் டி.சி. மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது.

"வக்கீலய்யா, டேசன்ல பத்தொம்பதுன்னு எழுதிட்டாக. அவனுக்கு இன்னும் பதினெட்டே முடியலய்யா."

கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரில் பையன் ஏ5, அதாவது ஐந்தாவது ஆள். டி.சி.யில் பிறந்த தேதி ஜூன் 1. கணக்குப் போட்டால் சம்பவத்தன்று 17 வயது 6 மாதம்.

மதுரை கோர்ட்டில் கிரிமினல் கட்டுகளோடு காலம் தள்ளுகிறவன் நான். இப்படி ஒரு செய்தி பேப்பரில் வந்தால் எதிர் டீக்கடையில் ஒரே பேச்சு: "இந்தக் காலத்துப் பயலுக கெட்டுப்போனாய்ங்க." 1831-லேயே பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்லே, பிரான்ஸ் நீதிமன்றக் கணக்குகளை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தார். குற்றம் பதின்வயதில் ஏறி, இருபதுகளில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிக்கொண்டே போனது. அப்போது ரீல்ஸும் இல்லை, பைக்கும் இல்லை.

காலத்துக்குக் காலம் மாறுவது அந்த உச்சத்தின் உயரம். அமெரிக்காவில் 14 முதல் 17 வயதினரில் லட்சத்துக்கு எத்தனை பேர் கொலை செய்தார்கள் என்ற விகிதம் 1980-களின் நடுவில் ஏறத் தொடங்கி 1993-ல் உச்சிக்குப் போனது. 2000-க்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக விழுந்தது. அதே காலத்தில் 35 தாண்டியவர்களின் விகிதம் இறங்குமுகமாகவே இருந்தது. ஏழெட்டு வருடத்தில் பிள்ளைகளின் புத்தியா மாறும்? கிராக் என்ற கொக்கைன் வியாபாரம் தெருவுக்கு வந்தது, கைத்துப்பாக்கி பையன்கள் கைக்குப் போனது. அது தணிந்ததும் விகிதமும் தணிந்தது.

இந்த விகிதத்தைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. எண்ணப்படுவது பிணம் இல்லை, ஆள். வரப்புத் தகராறில் வெட்டிவிட்டுத் தானே ஸ்டேஷனில் போய் நிற்கிற ஐம்பது வயதுக்காரர் வழக்கு, என் அனுபவத்தில், ஏ1-ஓடு முடிந்துவிடும். இருபது வயசுப் பயல்கள் மூணு பைக்கில் போவார்கள். ஒரே சாவுக்கு ஏ8 வரை நீளும். சாவு ஒன்று, இளைஞர் கணக்கில் எட்டு. நம் சிறைப் புள்ளிவிவரமோ 18 முதல் 30 வரை ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறது. பத்தொன்பதுக்காரனும் பிள்ளை குட்டி உள்ளவனும் ஒன்றாகிவிட்டால் அந்த ஏற்ற இறக்கம் எங்கே தெரியும்?

இங்கே துப்பாக்கி கிடையாது. அருவாளும், நினைவு நாள் ஃப்ளெக்ஸும், பழிக்குப் பழியும்தான். பின்னால் முப்பது தாண்டிய ஒருவர் நின்றுகொண்டு, "நீ மைனருடா, சீக்கிரம் வெளிய வந்துருவ" என்று பயலை முன்னால் விடுவார். இந்த வழக்கில் ஏ1-க்கு வயது 34.

அந்த வாக்குறுதியை நம்பாதீர்கள். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 நிரம்பியவன் கொலை போன்ற கொடுங்குற்றத்தில் சிக்கினால், அவனுடைய மன, உடல் பக்குவத்தை இளைஞர் நீதி வாரியம் மதிப்பிட்டு, பெரியவர்களைப் போலவே விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். தூக்கு மட்டும் கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுளும் கிடையாது. மைனர் என்ற வாதத்தை வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், தீர்ப்புக்குப் பிறகும்கூட.

ஆனால் டி.சி. மட்டும் போதாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று. அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

"பத்தாவது மார்க் ஷீட் இருக்காம்மா?"

"ஒம்பதோட நின்னுட்டான்யா."

"எங்க பொறந்தான்?"

"பெரியாஸ்பத்திரியிலதான். அழகர் ஆத்துல எறங்குன மறுநாளு."

அப்படியானால் ஜூன் 1 பள்ளிக்கூடத்தில் போட்டுக்கொண்ட தேதி. சித்திரையில் பிறந்திருந்தாலும் அவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை. பள்ளியில் சான்று கேட்டு எழுதிக் கொடுத்தேன். மாநகராட்சியிலும் பதிவைத் தேடிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.