சக்கரத்தின் ஒரு தட்டுக்கு எத்தனை வரி நகர வேண்டும்?

அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் பணியில் எனக்கு அடிக்கடி வரும் புகார்களில் ஒன்று, மவுஸ் சரியில்லை என்பது. எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் மவுஸில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. சக்கரத்தை லேசாகத் தொட்டாலே பக்கம் ஓடிவிடுகிறது, அல்லது விரல் வலிக்க உருட்டினாலும் அட்டவணையின் அடிவரிசை வந்து சேர்வதில்லை என்பதே அவர்களுடைய உண்மையான குறை. புகார் சொல்வதற்கு முன் பலரும் தாமாகவே கர்சரின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ பார்த்திருப்பார்கள். திரையில் அம்புக்குறி ஓடும் வேகத்துக்கும் பக்கம் நகரும் வேகத்துக்கும் தொடர்பில்லை என்பதால், அந்த முயற்சியில் பக்கம் பழையபடியே நிற்க, அம்புக்குறி மட்டும் கைக்கு அடங்காமல் போயிருக்கும்.

சக்கரத்தை மெதுவாக உருட்டினால் விரலுக்குத் தட்டுப்படும் ஒவ்வொரு சிறு தடையையும் ஒரு தட்டு என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் கணினியில், சாதாரண மவுஸின் ஒவ்வொரு தட்டும் 120 என்ற ஒரே அளவைத்தான் தெரிவிக்கிறது. அந்த 120-க்கு எத்தனை வரி நகர்வது என்பதை முடிவு செய்வது மவுஸ் அல்ல, இயங்குதளம். வேறு எதையும் மாற்றாத கணினியில் அந்த எண் 3. பெரும்பாலானோர் கணினியை வாங்கிய நாள் முதல் அது பழுதாகும் நாள்வரை இந்த மூன்றோடுதான் காலம் தள்ளுகிறார்கள்.

மூன்று என்பது கெட்ட எண் அல்ல; கடிதம் எழுதுவதற்கும் கட்டுரை படிப்பதற்கும் அது போதும். ஆனால் 500 வரிசைகள் கொண்ட ஒரு கணக்கு அட்டவணையில் மேலிருந்து கீழே போக ஏறத்தாழ 167 தட்டுகள் தேவைப்படும். சரிபார்ப்பதற்காக மறுபடியும் மேலே வந்தால் இன்னொரு 167. அதையே 10 என்று மாற்றினால் ஒரு வழிக்கு 50 தட்டுகளில் வேலை முடிந்துவிடும். நாள் முழுவதும் இதே வேலையைச் செய்பவரின் ஆட்காட்டி விரல் இந்த வித்தியாசத்தை நன்றாகவே உணரும். மறுபுறம், வரிக்கு வரி ஒப்பிட்டு மெய்ப்புப் பார்ப்பவருக்கு மூன்றே அதிகம். கண் நிற்கும் வரி ஒவ்வொரு தட்டிலும் இடம் பெயர்வதால், ஒரு வரியைப் படிக்காமலே தாண்டிப்போகும் வாய்ப்பு உண்டு. அத்தகைய வேலைக்கு 1 அல்லது 2 வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன். தட்டுக்கு ஒரு முழுத்திரை நகரும் ஏற்பாடும் விண்டோஸில் இருக்கிறது. படித்துக்கொண்டிருந்த இடம் சட்டென்று கண்ணிலிருந்து மறைந்துவிடுவதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மாற்றும் வழி எளிது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ் பகுதியில் மவுஸைத் தேர்ந்தெடுத்தால், ஒரு தடவைக்கு எத்தனை வரி என்று கேட்கும் நகர்த்தி (இழுத்து எண்ணை மாற்றும் ஸ்லைடர்) ஒன்று 1 முதல் 100 வரை இருக்கும்; விண்டோஸ் 10-இல் அதே அமைப்பு டிவைசஸ் பகுதிக்குள் இருக்கிறது. நகர்த்தியை மவுஸால் இழுத்தால் 4-இல் நிற்க வேண்டியது 9-க்குத் தாவிவிடும் என்பதால், அதை ஒருமுறை சொடுக்கிவிட்டு விசைப்பலகையின் இட, வல அம்புக்குறிகளால் ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது. ஒரேயடியாக 20-க்குப் போகாமல், 5 வைத்து அன்றாட வேலையை அதில் செய்து பார்த்த பிறகு அடுத்த எண்ணுக்குப் போகலாம். இந்த எண் பயனர் கணக்கைச் சார்ந்தது. ஒரே கணக்கில் இருவர் மாறி மாறி வேலை செய்யும் கணினியில் ஒருவர் வைத்த 12 மற்றவருக்கு எரிச்சலாகத்தான் முடியும் என்பதால், தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வதே தீர்வு.

மேக் கணினியில் வரிக்கணக்கு கிடையாது. சிஸ்டம் செட்டிங்ஸின் மவுஸ் பகுதியில் ஸ்க்ரோலிங் வேகத்துக்கான நகர்த்தி மட்டுமே இருக்கும். அங்கே சக்கரத்தை எவ்வளவு விரைவாகச் சுழற்றுகிறோமோ அதற்கேற்பப் பக்கம் நகரும் தூரமும் கூடும். ஆகவே மெதுவாக உருட்டும்போது இம்மியளவும் வேகமாக உருட்டும்போது பல பத்திகளும் நகர்வதைப் பழுதென்று எண்ண வேண்டியதில்லை.

எந்த எண்ணை வைத்தாலும் தீராத ஒரு குறை உண்டு. கீழ்நோக்கி உருட்டும்போது பக்கம் இடையிடையே மேல்நோக்கித் துள்ளினால், சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் உள்பாகத்தில் தூசி சேர்ந்திருக்கலாம் அல்லது அது தேய்ந்திருக்கலாம். அதே கணினியில் வேறொரு மவுஸை இணைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பழைய மவுஸைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, சக்கரத்தின் இரு பக்கமும் காற்றடித்துச் சுத்தம் செய்து பார்க்கலாம்.

கணினி முழுவதும் ஒழுங்காக இருந்து இணைய உலாவியில் மட்டும் வேகம் பிடிக்கவில்லை என்றால், ஃபயர்ஃபாக்ஸில் அதன் மேம்பட்ட அமைப்புப் பக்கத்துக்குள்ளேயே மாற்ற முடியும்; மேலும் கீழுமான நகர்வுக்கு அங்கே 100 என்றிருக்கும் பெருக்கு எண்ணை 200 ஆக்கினால் அந்த உலாவியில் மட்டும் வேகம் இரு மடங்காகும். குரோமில் இப்படி நேரடியான அமைப்பு இல்லாததால் பலர் இதற்கென ஒரு நீட்டிப்பை, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலை (எக்ஸ்டென்ஷன்), தேடி நிறுவுகிறார்கள். அங்கேதான் கவனம் தேவை. சக்கரத்தின் அசைவை ஒவ்வொரு பக்கத்திலும் பிடிக்க வேண்டியிருப்பதால், இத்தகைய நீட்டிப்புகள் நீங்கள் திறக்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். வங்கிப் பக்கமும் மின்னஞ்சலும் அந்த அனுமதிக்குள் அடங்கும். ஒரு சக்கரத்தின் வேகத்துக்காக இவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. விண்டோஸ் கணினியில் குரோம், இயங்குதளத்தில் வைத்த எண்ணையே பின்பற்றுவதால் அதற்கு அவசியமும் இல்லை. ஏற்கெனவே நிறுவியிருந்தால், நீட்டிப்புகளின் பட்டியலில் அதை நீக்கிவிட்டு உலாவியை ஒருமுறை மூடித் திறந்து, பிறகு வரி எண்ணை விண்டோஸிலேயே மாற்றிக்கொள்ளலாம்.