முதியோர் பராமரிப்பில் கணக்கில் வராத மணி நேரங்கள்

முதியோர் நல மருத்துவராக, என் அறைக்கு வரும் குடும்பங்களிடம் பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலானோர் மருந்துச் செலவையும் பரிசோதனைக் கட்டணத்தையும் கூட்டிச் சொல்வார்கள். சில மாதங்களுக்கு முன் தாயாரை அழைத்துவந்த ஒரு பெண்மணி மட்டும் பதில் சொல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்தார். இடப்பக்கத்தில் தொகைகள் இருந்தன. வலப்பக்கத்தில், முந்தைய இரவு அவர் எழுந்த நேரங்கள்: 11.40, 1.15, 2.50, 4.30. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணமும் எழுதியிருந்தார்: கழிவறை, கழிவறை, ஈரத் துணி மாற்றம், மீண்டும் கழிவறை. இடப்பக்கத்தை அண்ணன்மார் இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றும், வலப்பக்கத்தைப் பற்றி வீட்டில் இதுவரை யாரும் பேசியதில்லை என்றும் சொன்னார். அந்த மாதம்தான் அவர் தம் வேலையை விட்டிருந்தார்.

முதியோர் பராமரிப்பின் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதற்கான காரணம் அந்த வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வேலை செய்யும் ஒருவரைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு முதியவருக்கு இரவும் பகலும் ஆள் இருக்க நான்கு பேருக்கு மேல் தேவை. இந்த உழைப்பைச் சுருக்கவும் முடியாது. இயந்திரங்களின் உதவியால் ஒரு தொழிலாளி முன்பைவிடப் பன்மடங்கு பொருள்களைச் செய்துவிடலாம். ஆனால் நடுங்கும் உடலைக் குளிப்பாட்டித் துடைத்து உடுத்திவிட ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு நேரம் ஆனதோ, இன்றும் அவ்வளவு ஆகும். மற்றத் துறைகளில் சம்பளம் உயரும்போது இங்கும் உயர்ந்தாக வேண்டும். வேலையின் வேகம் மட்டும் கூடுவதில்லை. பொருளியலாளர் வில்லியம் பாமோல் 1960களில் விளக்கிய இந்த நிலையை ஒவ்வொரு குடும்பமும் இப்போது தன் வரவு செலவில் நேரில் காண்கிறது. 80 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை 2020க்கும் 2050க்கும் இடையில் மும்மடங்காகி 42.6 கோடியைத் தொடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருப்பதால், பராமரிக்கும் கைகளுக்கான தேவை குறையப்போவதில்லை.

குடும்பத்தினரே பார்த்துக்கொண்டால் செலவில்லை என்று பலர் நம்புகிறார்கள். டிமென்ஷியா எனும் மறதிநோய்க்காக 2019ஆம் ஆண்டில் உலகம் ஏற்ற செலவு 1.3 லட்சம் கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. அதில் ஏறத்தாழப் பாதி, குடும்பத்தாரும் நண்பர்களும் நாளுக்குச் சராசரியாக 5 மணி நேரம் சம்பளமின்றித் தந்த பராமரிப்பின் மதிப்பு. அந்தப் பாதி எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. அது ஒரு மகளின் பணி உயர்விலும், ஒரு மருமகளின் முதுகுவலியிலும், வயதான மனைவியின் தூக்கத்திலும் கழிந்துவிடுகிறது.

ஆகவே செலவைக் குறைக்க விரும்பும் குடும்பத்திடம், மலிவான மருந்தைத் தேடுவதற்கு முன் மணி நேரங்களைக் குறைக்க வழி பாருங்கள் என்று சொல்கிறேன். குளித்தல், உடுத்தல், கழிவறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் என்னும் ஆறு செயல்களை வைத்து முதியவரின் தற்சார்பை அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் 1963இல் வெளியிட்டார்கள்; இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. என் அனுபவத்தில், இவற்றுள் எழுந்து மாறுவதும் கழிவறை செல்வதும் கைவிட்டுப் போகும் நாளில்தான் குடும்பத்தின் சுமை சட்டென்று ஏறுகிறது. உங்கள் தந்தையார் கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா என்று இன்றே கவனித்துப் பாருங்கள். முடியவில்லையென்றால் தொடைத் தசை மெலிந்திருக்கலாம். அதற்குப் பயிற்சி உண்டு, எண்பது வயதிலும் பலன் தரும். மாறாக, ‘வயதாகிவிட்டது, படுத்தே இருக்கட்டும்’ என்று அன்பினால் சொல்வது பெரும் தீங்கு. நலமாக இருந்த முதியோரைப் பத்து நாள் படுக்கையில் இருத்திச் செய்த ஓர் ஆய்வில், அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது.

விழுவதைத் தடுப்பதும் இதே கணக்கில் சேரும். இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சைக் கட்டணம் ஒருமுறைதான். பலர் அதன்பின் பழையபடி நடப்பதில்லை என்பதால் தொடரும் மாதங்கள்தான் குடும்பத்தைக் கரைக்கின்றன. கழிவறையில் கைப்பிடி, இரவில் மங்கலான விளக்கு, தூக்க மாத்திரை உண்மையில் தேவைதானா என்று மருத்துவரிடம் ஒரு கேள்வி: இவ்வளவுதான் முதல் தேவை.

படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு முதுகின் அடிப்பகுதியையும் குதிகாலையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுத்தான் அறிய வேண்டும். இந்த நிலையில் அழுத்தத்தை அகற்றினால் போதும். எலும்பு வரை ஆழ்ந்த புண்ணுக்கு மாதக்கணக்கில் கட்டு மாற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவு செய்தாலும் சில வீடுகளில் சுமை குறையாது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே பொதுக் காப்பீட்டை நடைமுறைப்படுத்தியது, தனிக் குடும்பத்தால் இதைத் தாங்க முடியாது என்று உணர்ந்ததால்தான். அத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில், உடன்பிறந்தவர்கள் பணத்தைப் போலவே இரவுகளையும் எழுதிவைத்துப் பங்கிட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நோட்டுடன் வந்த அந்தப் பெண்மணியின் தாயார், சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் நீர் மாத்திரையை மாலையில் சாப்பிட்டுவந்தார். அதைக் காலைக்கு மாற்றினோம். கட்டிலருகே கமோடு நாற்காலி வைக்கச் சொன்னேன். அண்ணன்மாரை அடுத்த முறை உடன் வரச் சொன்னேன். ஒருவர் வந்தார், நோட்டை நெடுநேரம் படித்தார். அதற்கடுத்த முறை வலப்பக்கத்தில் இரவுக்கு நான்கு வரிகள் இருந்த இடத்தில் இரண்டுதான் இருந்தன. சனிக்கிழமை இரவுக்கான வரிகள் வேறொரு கையெழுத்தில் இருந்தன.