எழுத்தின் பிம்பம் ஏன் மங்க வேண்டும்?

பளபளக்கும் தரையில் ஒரு பெயர் நிற்பது போலவும், அதன் பிம்பம் கீழே விழுந்து மெல்ல மறைவது போலவும் பல லோகோக்களில் பார்த்திருப்போம். 2006ல் வந்த ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸ் 7ல் ஆல்பம் அட்டைகள் இப்படித்தான் வரிசையாக நின்றன. ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற படத்தொகுப்பு மென்பொருளில் இதைச் செய்வது சுலபம். எழுத்து இருக்கும் லேயரை, அதாவது படத்தின் மேல் அடுக்கிய தனித் தாள் போன்ற அடுக்கை, நகலெடுத்து, செங்குத்தாகக் கவிழ்த்து, கீழே நகர்த்தி, மாஸ்க் போட்டு மங்கவிட வேண்டும்.

கவிழ்ப்பதில் பெரிய கணக்கு எதுவும் இல்லை. படத்தில் 200 வரிசை பிக்சல்கள் இருந்தால் முதல் வரிசை 200ஆவது இடத்துக்குப் போகும், இரண்டாவது வரிசை 199ஆவது இடத்துக்குப் போகும். எந்தப் பிக்சலின் நிறமும் மாறாது. ஆனால் கவிழ்ப்பதற்குப் பதில் 180 டிகிரி சுழற்றிவிடாதீர்கள். இடமும் வலமும் சேர்ந்து மாறிவிடும், அது பிம்பமாகவே இருக்காது.

மாஸ்க் என்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளை இருக்கும் இடத்தில் லேயர் முழுதாகத் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும், சாம்பல் இருந்தால் பாதியும் கால்வாசியுமாகக் கலக்கும். எழுத்தின் வெளிச்ச அளவு 255 (0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை), பின்னணியின் அளவு 40, மாஸ்க் 40 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 255ல் 40 சதவீதம் 102, பின்னணி 40ல் மீதி 60 சதவீதம் 24. கூட்டினால் 126. ஒவ்வொரு பிக்சலுக்கும் மென்பொருள் இதையேதான் செய்கிறது.

சரி, ஏன் மங்கவிடுகிறோம்? அழகுக்காக மட்டும் என்று நினைத்தால் அது தவறு. ஒரு பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பது ஒளி விழும் கோணத்தைப் பொறுத்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் இதற்குச் சமன்பாடுகள் தந்தார். குளத்தை நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் சுமார் 2 சதவீத ஒளியைத்தான் திருப்பும், அதனால் அடிமண் தெரிகிறது. தூரத்தில் தண்ணீரை ஒட்டினாற்போலச் சாய்வாகப் பார்த்தால் கிட்டத்தட்ட முழு ஒளியும் திரும்பி, வானம்தான் தெரியும். தரையில் நிற்கும் எழுத்தின் பாதத்திலிருந்து வரும் ஒளி எழுத்துக்குப் பக்கத்திலேயே தரையில் பட்டுத் திரும்புகிறது. உச்சியிலிருந்து வரும் ஒளியோ நமக்கு இன்னும் அருகில் படுகிறது. அங்கே நம் பார்வை கூடுதல் செங்குத்தாக இறங்குவதால் திரும்பும் ஒளி குறைகிறது. மாஸ்க்கில் நாம் இழுக்கும் கிரேடியன்ட், அதாவது வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மெல்ல மாறும் சாயல், இதைத்தான் பின்பற்றுகிறது.

தரை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் பிம்பம் மங்குவதோடு கலையவும் செய்யும். பாதத்தருகே கூர்மையாகவும், தள்ளிப் போகப் போக மசமசப்பாகவும் இருக்கும். அதனால் பிம்பம் முழுவதற்கும் ஒரே அளவு பிளர் (மசமசப்பு) கொடுத்தால் பொய்யாகத் தெரியும். பிளர் கீழே போகப் போகக் கூட வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுதான்.

தமிழில் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே கோட்டில் நிற்கும், கவிழ்த்தால் பாதத்தோடு பாதம் ஒட்டிக்கொள்ளும். 'தமிழ்' என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் 'த', 'ழ' இரண்டின் வாலும் கோட்டுக்குக் கீழே இறங்கும், 'மி' மட்டும் மேலேயே நிற்கும். வால் நுனியைத் தரையாக வைத்தால் 'மி'க்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி விழும். இயற்பியல்படி அது சரிதான், அந்தரத்தில் இருக்கும் பொருளின் பிம்பம் தரைக்குக் கீழே அதே தூரத்தில்தான் தெரியும். அந்த இடைவெளியை அடைக்க பிம்பத்தை மேலே ஏற்றினால் வால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எழுத்தே புரியாமல் போகும். வால் நுனிக்கும் கீழே இன்னும் கொஞ்சம் இடம் விட்டு, மொத்தச் சொல்லையும் மிதக்க விடுவதே என் தேர்வு. அப்போது எல்லா எழுத்தும் மிதப்பதால் 'மி' தனியாக உறுத்தாது.

அப்புறம், கனமான முப்பரிமாண எழுத்துக்கு இந்த வழி உதவாது. நாம் மேலிருந்து பார்க்கும்போது எழுத்தின் மேற்புறம் தெரியும், பிம்பத்திலோ அடிப்புறம்தான் தெரிய வேண்டும். அடிப்புறம் நம் லேயரில் இல்லவே இல்லை. அதற்கு பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் எழுத்தைச் செய்து, பளபளக்கும் தரை ஒன்றை வைத்து ரெண்டர் செய்ய வேண்டும், அதாவது மென்பொருளே ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்க விட வேண்டும்.