காய்ந்தால் காய்க்கும் முருங்கை

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய் பக்கம் ஜனவரி, பிப்ரவரி வந்துவிட்டால் மழை ஒதுங்கிக்கொள்ளும். தோட்டத்துப் பால்மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், பாலும் குறையும். லயத்துக் கொல்லையில் நிற்கும் முருங்கையும் இலை உதிர்க்கும். ஆனால் கொஞ்ச நாளில் அதன் கிளை நுனியெல்லாம் பூ.

மண்ணில் ஈரம் குறைந்ததும் மரத்துக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் காப்புச் செல்கள். ஹார்மோன் எட்டியதும் அந்தச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் போகும். செல் தொய்ந்து துளை மூடிக்கொள்ளும். நீர் மிச்சம்தான், ஆனால் கரியமில வாயுவும் அதே துளை வழியாகத்தானே உள்ளே வர வேண்டும்? ஒளிச்சேர்க்கை தேங்கிவிடும். வறட்சி நீண்டால் மரம் பழைய இலையிலிருந்து நைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு, மஞ்சளான சிற்றிலைகளைக் கழற்றிவிடும்.

பெரிய சங்கதி மண்ணுக்கடியில் இருக்கிறது. விதை போட்டு முளைத்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் முள்ளங்கி போலப் பருத்திருக்கும். மழையில்லாத மாதங்களுக்கான சேமிப்பு அது. நகத்தால் கீறினால் காரநெடி மூக்கில் ஏறும். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஹார்ஸ்ராடிஷ் கிழங்குக்குப் பதிலாக இந்த வேரைத் துருவிச் சாப்பிட்டார்கள். ஹார்ஸ்ராடிஷ் மரம் என்றே பெயரும் வைத்தார்கள். இரண்டுமே கடுகு வரிசைத் தாவரங்கள். செல் உடையும்போது மைரோசினேஸ் என்ற நொதி குளுக்கோசினோலேட்டுகள் என்ற கந்தகச் சேர்மங்களைச் சிதைக்க, காரம் பிறக்கிறது. நாம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம், வேர்ப்பட்டையில் நச்சு ஆல்கலாய்டுகள் இருக்கின்றன.

நம்மவர்கள் பெரும்பாலும் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, ஊன்றித்தான் முருங்கை வளர்ப்பார்கள். சீக்கிரம் காய்க்கும், சரி. ஆனால் போத்துக்கு அந்த ஆணிவேர் இறங்காது. மேலாகப் பரவும் வேரை வைத்துக்கொண்டு வெயிலில் முதலில் வாடுவதும் அதுதான், பலத்த காற்றில் சாய்வதும் அதுதான்.

அப்புறம் அந்தப் பூ. முருங்கையின் பூர்வீகம் வட இந்தியாவின் இமயமலை அடிவாரம். மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் இடம். மழையும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் மரம் கிளையும் கீரையுமாகவே போய்க்கொண்டிருக்கும். ஈரம் குறைந்து தளிர் ஓட்டம் நின்றால்தான் பூவுக்குத் திரும்பும். அதனால் கீரை போதும் என்பவர்கள் தண்ணீர் ஊற்றலாம். சாம்பாருக்குக் காய் வேண்டுமென்றால் ஜனவரியில் குழாயை மூடிவிடுங்கள். பூ வந்த பிறகு மட்டும் அளவாகத் தண்ணீர் காட்டுங்கள், அப்போதும் காயவிட்டால் பூவெல்லாம் கொட்டிவிடும்.